ஒரே வண்டி, மூன்று விலை: மிச்சம் யாருக்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் புகையிரதத்தில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே இயந்திரம்தான் இழுக்கிறது. முதலாம் வகுப்பில் இருப்பவரும் மூன்றாம் வகுப்பில் இருப்பவரும் ஒரே நேரத்தில்தான் கோட்டையில் இறங்குகிறார்கள். ஆனால் கட்டணம் வேறு. நல்ல இருக்கை, குளிரூட்டி என்று காரணம் சொல்லலாம். அது பாதி உண்மை.

மீதி உண்மையை 1849 இல் பிரான்சின் பொறியியலாளர் ஜூல் டியூப்புயி எழுதினார். அக்காலத்தில் அங்கே மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரை இருக்கவில்லை. கூரை போடுவது பெரிய செலவல்ல. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்புக்கு மாறிவிடக் கூடாது என்பதற்காகவே கூரை போடப்படவில்லை என்று அவர் விளக்கினார். வசதியானவரைப் பயமுறுத்துவதற்காக ஏழை நனைந்தான்.

உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்களுக்கு இதன் பெயர் தெரிந்திருக்கும்: விலை பேதங்காட்டல். அதனோடு சேர்ந்து வருவது நுகர்வோர் மிகை. ஒரு பொருளுக்கு நாம் அதிகபட்சம் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகைக்கும் உண்மையில் கொடுக்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் அது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பயணத்துக்கு மூன்று பேர் முறையே 4000, 2500, 1500 ரூபா வரை கொடுக்கத் தயார். சீட்டு எல்லோருக்கும் 2000 ரூபா என்றால் இருவர் போவார்கள். முதலாமவருக்கு 2000, இரண்டாமவருக்கு 500 ரூபா மிச்சம். மூன்றாமவர் வீட்டில் நிற்பார். விற்பவருக்கு வருமானம் 4000.

அதே சீட்டை 3500, 2200, 1200 என்று ஆளுக்கொரு விலையில் விற்றால் மூவரும் போவார்கள். வருமானம் 6900. ஆனால் பயணிகளின் மொத்த மிச்சம் 2500 இலிருந்து 1100 ஆகக் குறைந்துவிடும். மூன்றாமவருக்கு மட்டும் இது நன்மை. ஆகவே விலை பேதம் எப்போதும் அநியாயம் என்று சொல்ல முடியாது. மாணவருக்கான சலுகைப் பருவச்சீட்டும் விலை பேதம்தான்.

இதைச் செய்ய விற்பவருக்கு மூன்று விடயங்கள் வேண்டும். விலையைத் தீர்மானிக்கும் பலம், வாங்குவோரைப் பிரித்தறியும் வழி, மலிவாக வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க முடியாத நிலை. விமானச் சீட்டில் பெயர் அச்சிடப்படுவது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, இந்த மூன்றாவது விடயத்துக்கும் உதவுகிறது.

பாடப்புத்தகம் சொல்லாத ஒன்றை நான் 2007 இல் கற்றேன். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் குடாநாட்டிலிருந்து வெளியேற வானும் கடலுமே மிஞ்சின. அம்மாவைச் சிகிச்சைக்காகக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பாதுகாப்பு அனுமதிக்குக் காத்திருந்து, அவருடைய காப்பை விற்று விமானச் சீட்டு எடுத்தோம். பொருளியலின் மொழியில் அந்த விலையைக் கொடுக்க நாங்கள் 'விருப்பத்தோடு' இருந்தோம். இன்னும் இருமடங்கு கேட்டிருந்தாலும் வீட்டை ஈடுவைத்துக் கொடுத்திருப்போம். அப்படியென்றால் எங்களுக்குக் கிடைத்த நுகர்வோர் மிகை மிகப் பெரியது என்றுதான் வரைபடம் காட்டும். காப்பில்லாத கையோடு விமானத்தில் இருந்த அம்மாவிடம் அதை யார் சொல்வது?

வரைபடம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது விருப்பத்தையும் வேறு வழியின்மையையும் ஒரே கோட்டில் வரைகிறது. விற்றுக் கொடுக்கக் காப்பில்லாதவர் அந்தக் கோட்டுக்குள் வருவதேயில்லை. அவருடைய நோயும் கணக்கில் வருவதில்லை.

போர் முடிந்தபின் பாதை படிப்படியாகத் திறந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இன்று பஸ்ஸா, புகையிரதமா, எந்த வகுப்பு என்று நாம் யோசிக்கிறோம். இந்த யோசனைதான் எங்கள் மிச்சத்தைக் காக்கிறது. 'இது சரிவராது, மற்றதில் போகிறேன்' என்று சொல்ல முடிந்தவரிடம் விற்பவர் ஓரளவுக்கு மேல் கேட்க முடியாது.

ஆகவே ஒரு சீட்டின் விலை நியாயமா என்று கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது தொகையை அல்ல. அதை வாங்காமல் விட்டால் அந்த மனிதருக்கு வேறு வழி இருக்கிறதா என்பதைத்தான்.