இரண்டு ஸ்பீக்கர், ஒரு போன்... வீட்டில் நல்லா பாட்டு கேட்க இவ்வளவு போதுமா?

எங்கள் வீட்டு லாஃப்ட்டில் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் தூங்கிக்கொண்டிருக்கின்றன. முதல் போனஸில் ஆசையாக வாங்கிய 5.1 ஹோம் தியேட்டர். முதல் வாரம் படம் பார்க்க அமர்க்களமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் காபியோடு நாலு பாட்டு கேட்க நினைக்கும் அப்பாவுக்கு அது மூன்று ரிமோட், நான்கு இன்புட். "இதுல எதை அமுக்கணும்?" என்று இரண்டு நாள் கேட்டார். மூன்றாவது நாள் கேட்கவில்லை. போனை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டு எம்.எஸ்.வி. பாட்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த டம்ளரைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நல்ல ஒலி வேண்டும் என்றால் நிறைய பெட்டிகள் வேண்டும் என்பது கடைகளில் நமக்குச் சொல்லித் தரப்பட்ட கதை. பாட்டு கேட்பதற்கு மட்டும் என்றால் ஒரு ஜோடி ஆக்டிவ் ஸ்பீக்கர் போதும்.

அதென்ன ஆக்டிவ்?

நல்ல ஸ்பீக்கர் ஒன்றின் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வட்டங்கள் இருக்கும். பெரியது வூஃபர், தபேலா, பேஸ் கிடார் போன்ற கனமான ஒலி அதன் வேலை. சின்னது ட்வீட்டர், ஜால்ராவின் சிணுங்கல் அதிலிருந்து வரும். எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் சர்க்யூட்டுக்கு கிராஸ்ஓவர் என்று பெயர்.

அப்பா காலத்து செட்டில் ஆம்ப்ளிஃபயர் தனிப் பெட்டி. அது முழுப் பாட்டையும் பெரிதாக்கி, தடிமனான வயர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும். பிரிக்கும் வேலை அதற்குப் பிறகுதான் நடக்கும். ஆக்டிவ் ஸ்பீக்கரில் இந்த வரிசை தலைகீழ். சிக்னல் சின்னதாக இருக்கும்போதே பிரித்துவிடுவார்கள். பிறகு வூஃபருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், ட்வீட்டருக்கு இன்னொன்று, எல்லாமே அந்தப் பெட்டிக்குள். எந்த ஆம்ப்ளிஃபயர் எந்த வட்டத்தை இயக்கப்போகிறது என்பது வடிவமைப்பவருக்கு முன்பே தெரியும் என்பதால், ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செதுக்க முடிகிறது. நமக்கோ எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் என்கிற தலைவலி மிச்சம்.

ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் இது பழகிய சமாச்சாரம். ஃபின்லாந்தின் ஜெனலெக் நிறுவனம் 1978-ல் தொடங்கியதே இதை நம்பித்தான். பல ஸ்டுடியோ மேஜைகளில் பார்க்கும் வெள்ளைக் கோன் யமஹா ஹெச்எஸ்5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 5 இன்ச் வூஃபருக்கு 45 வாட், 1 இன்ச் ட்வீட்டருக்கு 25 வாட். மொத்தமே 70 வாட்தானா என்று தோன்றும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றவே ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் பிஎம்பிஓ கணக்கை அப்படியே மறந்துவிடலாம். படுக்கையறைக்கும் சின்ன ஹாலுக்கும் 5 இன்ச் ஜோடி தாராளம்.

ஒரு எச்சரிக்கை. 'பவர்டு' என்று எழுதியிருப்பதெல்லாம் ஆக்டிவ் அல்ல. பல மாடல்களில் ஒரு ஸ்பீக்கருக்குள் ஆம்ப்ளிஃபயரை வைத்து, இன்னொன்றுக்கு வெறும் வயர் இழுத்திருப்பார்கள். அது மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் மேலே சொன்ன பலன் அதில் இல்லை. விவரக்குறிப்பில் 'பை-ஆம்ப்' என்ற வார்த்தையைத் தேடுங்கள். ஸ்டுடியோ மாடல்களுக்குப் பெரும்பாலும் ஒரு பீஸ் விலையைத்தான் போடுவார்கள். ஜோடி விலை என்று நினைத்து ஆர்டர் போட்டுவிட்டு, ஒற்றை ஸ்பீக்கரோடு உட்காராதீர்கள்.

வயரும் அந்த 'ங்ங்ங்' சத்தமும்

3.5 எம்எம் ஓட்டை உள்ள பழைய போன் இருந்தால் அதுவே போதும். ஒரு முனையில் 3.5 எம்எம், மறுமுனையில் இடம், வலம் என இரண்டு தனி மோனோ ஜாக் உள்ள கேபிள் வாங்க வேண்டும். புது போன் என்றால் டேக் உள்ள டைப்-சி அடாப்டர் கூடுதலாக வேண்டும். போனில் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, இரண்டு ஸ்பீக்கரின் பின்பக்கத் திருகையும் ஒரே அளவில் நிறுத்துங்கள். ஸ்பீக்கரைக் கடைசியில் ஆன் செய்து, முதலில் ஆஃப் செய்வது நல்லது.

நான் மாட்டியபோது பாட்டுக்கு நடுவே ஒரு 'ங்ங்ங்'. கடைக்காரர் ஒருவர், பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடச் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்! ஷாக் அடிக்காமல் காப்பாற்றும் எர்த் அது. இரண்டு ஸ்பீக்கரையும் போன் சார்ஜரையும் ஒரே ஸ்பைக் பஸ்டருக்கு மாற்றியதும் பாதி குறைந்தது. சார்ஜரைக் கழற்றியதும் முழுசாகப் போய்விட்டது. இப்போது ராத்திரியில் மட்டும் சார்ஜ்.

320 கேபிபிஎஸ்ஸா, லாஸ்லெஸ்ஸா என்று நண்பர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். கண்ணை மூடிக் கேட்டால் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஸ்பீக்கரை ஒரு அடி நகர்த்தியபோது கிடைத்த வித்தியாசத்தை அம்மாவே சொன்னார்.

சுவரும் ஒரு வாத்தியம்தான்

மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் வீங்கி, குரல் அமுங்கிவிடும். சுவரிலிருந்து இரண்டு அடியாவது முன்னால் இழுங்கள். முடியாவிட்டால், பின்பக்கம் 'ரூம் கன்ட்ரோல்' மாதிரி ஒரு சுவிட்ச் இருந்தால் அதைக் குறைத்து வையுங்கள். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களும் நாற்காலியும் சம பக்க முக்கோணமாக அமைந்தால் சரி.

நம் வீடுகளின் பெரிய வில்லன் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும். அறை நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'டிங்' என்று எதிரொலி திரும்பி வந்தால், பாட்டிலும் அது கலக்கும். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஜமக்காளம் விரியுங்கள், கனமான திரைச்சீலை போடுங்கள். புத்தக அலமாரி இருந்தால் ரொம்ப நல்லது. இதற்கான செலவு, ஸ்பீக்கர் விலையில் ஒரு துளி.

குறைகளும் உண்டு. உள்ளே ஆம்ப்ளிஃபயர் போனால் முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டும். இரண்டு பிளக் பாயின்ட் தேவை. சில மாடல்களில் பக்கத்தில் காதை வைத்தால் மெல்லிய 'உஸ்' கேட்கும். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கிற படத்துக்கு இது பதில் அல்ல.

எல்லாம் சரியாக வைத்திருக்கிறோமா என்று பார்க்க, அறுபதுகளின் மோனோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்பதால், குரல் சரியாக நடுவிலிருந்து வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் நாற்காலியோ திருகோ சரியில்லை. ஆளே இல்லாத இடத்தில் குரல் பரவி மிதந்தால் கேபிளில் ஏதோ மாறியிருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு சுவிட்ச். முதல் நாள் காலையில் அப்பா தானே அதைப் போட்டு, டி.எம்.எஸ். பாட்டு ஒன்றை வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுந்து போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நடுவுல இருக்குற ஸ்பீக்கரை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"