தறி ஓயும் முன்பே தோட்டம்

சோமனூரில் பணி ஓய்வுக்குத் தேதி கிடையாது. அரசு அலுவலகத்தில் 60 வயது முடிந்ததும் மாலை, சால்வை, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. விசைத்தறிக்காரருக்கு ஓய்வை அறிவிப்பது முழங்காலோ காதோ மூச்சோதான். சில வீடுகளில் அந்த அறிவிப்பு, கூலி கட்டுப்படியாகாமல் தறியைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்ட நாளில் வந்தது. விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. அதை மட்டும் நம்பித் தறியை நிறுத்திவிட முடியாது.

அதனால் இங்கே ஓய்வு தவணை முறையில் வருகிறது. முதலில் இரவு ஷிப்ட் நிற்கும். பிறகு ஓட்டும் தறிகளின் எண்ணிக்கை குறையும். கடைசியில் பாவு பிணைக்கவும் தார் சுற்றவும் மட்டும் பட்டறைக்குள் போய்வருவார்கள். இடையில் கிடைக்கும் நேரத்தில் கால் தானாகப் பொடக்காளிப் பக்கம் போகும். அங்கே ஒரு முருங்கை, இரண்டு வாழை, துவைக்கிற கல்லோரம் ஒரு கறிவேப்பிலை இருக்கும்.

இந்த இடைப்பட்ட சில ஆண்டுகள்தான் தோட்டம் தொடங்கச் சரியான காலம். உடலியலும் வேளாண் அறிவியலும் சேர்ந்து இதற்குக் காரணம் சொல்கின்றன. ஆனால் தறியில் பழகிய உடம்புக்கும், சோமனூர் வட்டாரத்தின் மண், நீர், காற்றுக்கும் தனித்தனியே சில நிபந்தனைகள் உண்டு.

காது கொடுத்த விலை

நாடா ஓடும் தறிகள் நிறைந்த கூடத்தில் ஒலி 90 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். 100-ஐத் தொடுவதும் உண்டு. டெசிபெல் கணக்கு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. மூன்று டெசிபெல் கூடினால் காதில் விழும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம். அதே கணக்கை நீட்டினால் 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்னவாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உள்காதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பறிபோவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் ஒலிகள். ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகளும் தேன்சிட்டின் கீச்சொலியும் இந்தப் பக்கத்தில்தான் வருகின்றன. முப்பது ஆண்டு தறி ஓட்டியவர் தோட்டத்தில் உட்கார்ந்தால் காற்றின் இரைச்சல் கேட்கும், மாடு கத்துவது கேட்கும். தலைக்கு மேல் கத்தும் சிட்டு கேட்காமல் போகலாம். சோமனூருக்கு மட்டும் நேர்ந்தது இல்லை இது. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் தறி இரைச்சலுக்கு நடுவே உதட்டசைவைப் பார்த்துப் பேசும் ஒரு வழக்கமே உருவாகியிருந்தது. ‘மீ-மா’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

இரவு ஷிப்ட் வைத்துவிட்டுப் போகும் கணக்கு இன்னொன்று. உடலின் தூக்கக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். டியூப்லைட் எரியும் கூடத்துக்குள் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருந்தால் பெரிது. வெயில் ஏறிய வெளிவாசலில் அது பல்லாயிரம் லக்ஸ். காலை ஆறரை மணிக்குச் செடிக்குத் தண்ணீர் விடப் போகிறவர், தன்னையறியாமல் அந்தக் கடிகாரத்துக்கும் சாவி கொடுக்கிறார்.

மாங்காய் டிசைன் ஊரின் பூக்கள்

நெசவுக்கும் தோட்டத்துக்கும் உறவு பழையது. மாங்காய் வடிவ டிசைனை உலகம் ‘பெய்ஸ்லி’ என்று அழைக்கிறது. காஷ்மீரச் சால்வைகளைப் பார்த்து நெய்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர் அது. அந்த ஊர்க் கைத்தறி நெசவாளர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இன்னொரு விஷயத்துக்கும் பெயர்பெற்றிருந்தார்கள். கார்னேஷனின் சிறிய உறவான ‘பிங்க்’ பூவில், இதழின் விளிம்பில் சரிகைக் கரை ஓடுவதுபோன்ற புதுப்புது ரகங்களை அவர்கள் உருவாக்கினார்கள். 1782-லேயே அங்கு மலர் வளர்ப்போர் சங்கம் இருந்தது. லங்காஷயர் நெசவாளர்கள் ஆரிகுலா என்ற பூவையும், லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் துலிப்பையும் வளர்த்தார்கள்.

காரணம் எளிது. தறி வீட்டிலேயே இருந்தது. இழை அறுந்து நிற்கும் இடைவெளியில் எழுந்து வெளியே போய்ச் செடியைப் பார்க்கலாம். மழை வந்தால் ஓடிப்போய் மூடலாம். நுண்ணிய வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேறு. நெசவு ஆலைக்குள் போய், மணியடித்தால்தான் வெளியே வரலாம் என்ற நிலை வந்தபோது அந்தப் பழக்கமும் தேய்ந்தது. சோமனூர் வட்டாரத்தில் தறி விசைக்கு மாறியும் பல பட்டறைகள் வீட்டோடு ஒட்டியே இருக்கின்றன. பெய்ஸ்லிக்காரர் இழந்த வசதி இங்கே இன்னும் மிச்சமிருக்கிறது.

ஆய்வுகள் சொல்வது எவ்வளவு?

பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடரும் வைட்ஹால் ஆய்வில், 3,433 பேரின் நினைவாற்றலை ஓய்வுக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, சொற்களை நினைவில் வைக்கும் திறன் ஓய்வுக்குப் பிறகு 38 சதவீதம் வேகமாகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் 60 வயது கடந்த 2,805 பேரை 16 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2006-இல் வெளியானது. தினமும் தோட்ட வேலை செய்தவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு 36 சதவீதம் குறைவாக இருந்தது.

இரண்டையும் கூட்டிக் கழித்து ‘தோட்டம் மறதியைத் தடுக்கும்’ என்று எழுதிவிடலாம். அவசரம் வேண்டாம். மூளை மெல்லத் தளரத் தொடங்கியவர்களே முதலில் மம்பட்டியைக் கீழே வைத்திருக்கவும் கூடும். எது காரணம், எது விளைவு என்பதை இத்தகைய ஆய்வு தீர்த்துச் சொல்லாது.

அதற்குத்தான் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிக்கும் ஆய்வு தேவைப்படுகிறது. அமெரிக்காவின் டென்வர் பகுதியில் கடந்த இரண்டு ஆண்டுகளில் தோட்டம் போடாத 291 பேரை அப்படி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சமூகத் தோட்டத்தில் பாத்தி கொடுத்தார்கள். மறுபாதியைக் காத்திருக்கச் சொன்னார்கள். 2023-இல் வந்த முடிவு அடக்கமானது, ஆனால் நம்பகமானது. தோட்டக்காரர்கள் நாளொன்றுக்குச் சுமார் 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய உடலுழைப்பு கூடியது, மனக்கவலை குறைந்தது. நெதர்லாந்தில் 30 பேரை வைத்து 2011-இல் நடந்த சிறு சோதனையில், மன அழுத்தம் தரும் வேலைக்குப் பிறகு அரைமணி நேரம் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு, உள்ளே உட்கார்ந்து படித்தவர்களைவிடக் கார்டிசால் ஹார்மோன் அதிகமாக இறங்கியது.

உடலுழைப்பை அளக்க ‘மெட்’ என்ற அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு மெட். நின்று செடிக்குத் தண்ணீர் விடுவது ஒன்றரைதான். மண்ணைக் கொத்துவது ஐந்து. மூன்றிலிருந்து ஆறு வரை மிதமான உழைப்பு. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்றும், 65 கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. ஓஸ் பைப்பைப் பிடித்து நின்றால் இது ஈடேறாது. களை எடுக்கவும், கொத்தவும், வாளி தூக்கவும், வரப்பில் நடக்கவும் வேண்டும். தறிகளுக்கு இடையே நாள் முழுக்க நடந்த கால்கள் திடீரென்று கட்டிலில் ஓய்ந்தால் தசை வேகமாகக் கரையும். தறி குறையக் குறையத் தோட்ட வேலை கூடிவந்தால் அந்த இறக்கம் மெதுவாகும்.

ஒரு சென்ட் கணக்கு

சோமனூரின் சிக்கல் தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி இது. ஆயிரம் அடி தாண்டிய போர்வெல்கள் இங்கே அதிசயமில்லை. 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பவானியின் உபரிநீரில் 1.5 டிஎம்சியைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறது. நிலத்தடி நீர் ஊற அது உதவும். வீட்டுத் தோட்டத்துக்கு நேராக வந்து பாயாது.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக ஒரு சென்ட் தோட்டம் தினமும் 200 முதல் 240 லிட்டர் கேட்கும். ஐந்து சென்ட் முழுவதும் காய்கறி போட ஆசைப்படுகிறவர் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். இன்னொரு பக்கம், ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 600 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சிதறலைக் கழித்தும் 40,000 லிட்டருக்கு மேல் தேறும். மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. அன்று போட்ட குழாயும் குழியும் அடைத்துக் கிடந்தால், ஓய்வுக்கால முதல் வேலை அதைத் தூர்வாருவதுதான்.

அடுத்தது காற்று. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலைக்காற்று சீறிக்கொண்டு வரும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான். அந்தக் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சும், பப்பாளியை முறிக்கும். ஆடிப்பட்டத்தில் விதைக்கிறவர் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் அகத்தியை நெருக்கி நட்டால் காற்றும் தணியும், கீரையும் கிடைக்கும், அதன் வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும்.

மூன்றாவது மண். இந்தப் பக்கத்துச் செம்மண்ணிலும் கரிசலிலும் பல இடங்களில் சுண்ணாம்பு அதிகம். அங்கே இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கரைந்து கிடைக்காது. குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது பூச்சியும் இல்லை, தண்ணீர்க் குறைவும் இல்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தால் பச்சை திரும்பும்.

உடம்பு அறிந்து நடுவது

முழங்கால் தேய்ந்தவருக்குக் குத்துக்காலிட்டு எடுக்கும் கீரைப்பாத்தி தண்டனை. அவரை, பீர்க்கன், புடலையைப் பந்தலில் ஏற்றினால் நின்றபடி பறிக்கலாம். கீரையை இரண்டு அடி உயரத் தொட்டியிலோ பையிலோ போடலாம். மாடித் தோட்டத்துக்கான தளைகளைத் தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கிறது. 2013-இல் அந்தத் திட்டம் தொடங்கிய இரண்டு நகரங்களில் கோவையும் ஒன்று. முருங்கையில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்-1 ரகம் விதை போட்ட ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடித்துக் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். ஏணி ஏற வேண்டாம்.

பஞ்சுத் தூசியில் பல ஆண்டு மூச்சு விட்டவர்கள் காய்ந்த எருவையும் பூசணம் பிடித்த மட்கையும் கிளறும்போது முகத்தில் துணி கட்ட வேண்டும். முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுவது நல்லது. மண்ணில் ரண ஜன்னிக் கிருமி இருக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை அறிவியலில் சேராது. பெரும்பாலான வீடுகளில் பொடக்காளிக்கு ஏற்கெனவே ஒரு பொறுப்பாளர் உண்டு. தார் சுற்றிக்கொண்டே சமைத்து, கழுவிய தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்ட அம்மணிக்கு ஓய்வு வயதே கிடையாது. புதிதாக வருகிறவர் அவரிடம் கேட்டுவிட்டு மம்பட்டியை எடுப்பது உத்தமம்.

தறி முழுவதும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஐம்பத்தைந்தில், ஒரே ஒரு சென்டில் தொடங்குங்கள். அதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. தோட்டத்தில் ஏழெட்டு இடங்களில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அப்படியே அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இரண்டு காதுகளையும் காட்டிவிட்டு வாருங்கள். போன கேள்திறன் திரும்பாது. இருப்பதைக் காக்க, பட்டறைக்குள் இருக்கும் மிச்ச ஆண்டுகளிலாவது காதடைப்பான் போட்டுக்கொள்ளலாம்.