சிமென்ட் உலர்வதில்லை

ஒரு மழைக்கால இரவில் எங்கள் வீட்டுக் கூடத்தின் கூரையிலிருந்து உள்ளங்கையகலப் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னே துருவேறி உப்பி நின்ற கம்பியைக் கண்டபோது, கட்டி 30 வருஷங்கூட நிரம்பாத வீட்டுக்கு இக்கதி நேர்ந்த காரணம் எனக்கு விளங்கவில்லை. பார்வையிட வந்த வயதான கொத்தனார், கரணையின் பிடியால் கூரையை அங்கங்கே தட்டி, பொத்தென்று ஒலித்த இடங்களைக் கரித்துண்டால் வட்டமிட்டார். விழுந்த பாளத்தின் விளிம்பை விரலால் நெருடி உதிர்த்துக் காட்டி, "சேரக் கூடாத நேரத்துல தண்ணியைச் சேர்த்து, விட வேண்டிய நேரத்துல விடாம விட்டிருக்காங்க, ஐயா" என்றார்.

சிமென்ட் காய்ந்து இறுகுவதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். காய்ந்து இறுகுவது களிமண். சிமென்டோ தண்ணீருடன் ரசாயன சம்யோகமடைந்து, கண்ணுக்குப் புலனாகாத படிகங்களும் கூழ்ப்பொருளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் இறுகுகிறது. ஆகையினாலேயே அது நீருக்கடியிலும் கெட்டிப்படும். இந்தச் சம்யோகத்துக்குச் சிமென்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நீர் போதும். கூழ்ப்பொருளின் நுண்துளைகளில் தங்கும் நீரையும் கூட்டினால் நூற்றுக்கு 40 பங்கு வரை ஆகும். அவ்வளவு கெட்டியான கலவையைக் கம்பிகளின் இடுக்கில் குத்தி இறக்குவது சிரமமாகையால், இன்னும் இரண்டு குடம் ஊற்றிக் கஞ்சிபோல் ஓடவிடுகிறார்கள். உபரி நீர் பின்னர் ஆவியாகித் தான் இருந்த இடத்தைத் துளையாக விட்டுச் செல்கிறது. காங்கிரீட்டின் பலம் பிரதானமாக நீருக்கும் சிமென்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்று 1918-இல் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் பல சோதனைகளால் நிரூபித்தார். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்பது வீட்டு வேலைக்கு நியாயமான அளவு. மணலில் ஏற்கெனவே ஊறியுள்ள ஈரத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

வார்த்த பிறகோ நிலைமை நேர்மாறானது. சம்யோகம் பல நாட்கள் நடைபெறுவதால், வெயிலில் ஈரம் பறிபோனால் அது பாதியில் நின்றுவிடும். குறைந்தது 7 நாள், உலர்ந்த கடுங்கோடையிலும் சாம்பல் கலந்த சிமென்டுக்கும் 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. மொட்டைமாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் நம் ஊர்ப் பழக்கம் இதற்கு மிகவும் ஏற்றதே. ஆனால் மூன்றாம் நாளே பாத்தி வறண்டு கிடப்பதை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன்.

கம்பியைத் துருவினின்று காப்பது காங்கிரீட்டின் காரத்தன்மை. துளைகளின் வழியே காற்றிலுள்ள கரியமிலவாயு நுழைந்து அக்காரத்தை மெல்ல மெல்ல முறித்து, கம்பியை எட்டிய பின், மழையீரமும் சேர்ந்தால் துரு பிறக்கிறது. இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கேட்கும் அத்துரு, காங்கிரீட்டையே பிளந்து தள்ளுகிறது. வாயு ஊடுருவும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய போர்வை 10 ஆகக் குறைந்தால், பாதுகாப்புக் காலம் பாதியாவதில்லை, காலாகிவிடுகிறது. கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கவர் கட்டைகளை மிச்சம் பிடித்து, சென்டரிங் தகட்டின்மேலேயே கம்பியைக் கிடத்தியிருந்தார்கள் என்பது எங்கள் கூரையைக் கொத்தியபோது பிரத்தியட்சமாகத் தெரிந்தது.

ஒரே நாளில் பூசி மறைத்துவிடுவதாகச் சொன்னவர்களும் உண்டு. துருவின்மேல் பூசிய பூச்சை அத்துருவே மறுபடி தள்ளிவிடும் என்பதால் நான் இணங்கவில்லை. கொத்தனார் கம்பியின் பின்னே விரல் நுழையுமளவு கொத்தியெடுத்து, உலோகம் மின்னும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மெலிந்துபோன ஓரிடத்தில் புதுக்கம்பி இணைத்துக் கட்டி, பழைய பரப்பை நனைத்துச் சிமென்ட் பால் தடவி, கெட்டிக் கலவையைச் சிறிது சிறிதாக அப்பி அழுத்தினார். தலைகீழான பரப்பில் பாத்தி கட்ட இயலாதாகையால், ஈரச்சாக்குகளைப் பலகையில் பரப்பி, முட்டுக் கொடுத்து அவ்விடத்தோடு ஒட்ட நிறுத்திவிட்டுப் போனார். காலையும் மாலையும் ஏணியேறிச் சாக்கை நனைக்கும் வேலை அந்தப் பத்து நாளும் என்னுடையதாயிற்று.