திரையில் மறையும் குறிகள்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகர் எழுந்தருளியுள்ளார். விநாயகர் சதுர்த்தியன்று மூன்று குறுணி அரிசியால் ஒரே கொழுக்கட்டை செய்து அவருக்குப் படைப்பர். குறுணி என்பது பழந்தமிழர் முகத்தல் அளவை. ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு ஆகியவற்றை நம் முன்னோர் சொல்லால் மட்டுமன்றித் தனிக்குறிகளாலும் எழுதினர். முக்குறுணிக்கும் ஒரு குறி உண்டு. அதனை இன்று கைப்பேசி வழியே ஒருவருக்கு அனுப்பினால், பல கருவிகளில் வெறும் கட்டம் ஒன்றே தோன்றும்.

கட்டம் தோன்றுவது ஏன்? கணினி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. அதற்குரிய எண்ணையே சேமிக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் முறையே ஒருங்குறி. அதில் ‘க’ என்னும் எழுத்தின் எண் 2965. அவ்வெண்ணுக்குரிய வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் பணி. எழுத்துருவில் அவ்வடிவம் இல்லையெனில் கணினி கட்டம் இட்டுக் காட்டும். ஆகவே, கட்டம் தோன்றினால் செய்தி அழிந்துவிட்டது என்று பொருளன்று. எண் உள்ளே பத்திரமாக இருக்கிறது. உரிய எழுத்துருவை நிறுவியதும் குறி வெளிப்படும்.

தமிழர் கணக்கில் பின்னங்களுக்கும் தனிக்குறிகள் இருந்தன. இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அம்முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பகுத்தால் கிடைப்பது கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. ஒரு வேலி நிலத்தில் இருபதில் ஒரு பங்கு ‘மா’ எனப்பட்டதும் இக்கணக்கினால்தான். நிலக்கணக்கு ஓலைகளைப் படிப்போர்க்கு இக்குறிகள் இன்றியமையாதவை. ஆயினும், பின்னங்களும் அளவைகளும் உள்ளிட்ட 51 குறிகள் ஒருங்குறியில் இடம்பெற்றது 2019 மார்ச்சில்தான். தமிழ்ச் சுழியமே 2005இல்தான் இடம்பெற்றது என்பதை நோக்க, இத்தாமதம் வியப்பளிக்கவில்லை. (இப்பாடத்திலும் அப்பின்னங்களைக் குறிகளாக அச்சிடாமல் பெயர்களாலேயே சுட்டுகிறோம். காரணத்தை மாணவர்கள் இதற்குள் ஊகித்திருப்பர்.)

இவற்றுக்குக் கிடைத்த இடமும் தொலைவானது. 73,664 என்னும் எண்ணில் அவ்வரிசை தொடங்குகிறது. உலகின் எழுத்துகளுக்கு 65,536 இடங்களே போதும் என்று கருதி எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் பல. அவை இத்தகைய பெரிய எண்ணை இரு கூறாகப் பிரித்து, ஒரு குறியை இரண்டெனக் கொள்ளும். ஒருமுறை அழித்தால் பாதிக் குறி மட்டும் எஞ்சி நிற்கும் விந்தை இதனால் நேர்வது.

இக்காலக் கணக்குக் குறிகளும் இடர்ப்பாட்டுக்கு விலக்கல்ல. குறியீடுகளுக்கென அமைந்த ஒரு பழைய எழுத்துருவில், ஆங்கில ‘பி’ எழுத்தின் விசையை அழுத்தினால் ‘π’ தோன்றும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் ‘π’ மறைந்து வெறும் ‘பி’யே நிற்கும். அங்கே மாணவர் திகைப்பர். திகைத்தால் ஆசிரியரிடம் கேட்பர். அடுக்கு எண் கீழிறங்கினாலோ எவரும் திகைப்பதில்லை. 10⁸ என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் படியெடுக்கப்படும்போது 108 ஆகிவிடுவதுண்டு. பத்துக்கோடி நூற்றெட்டாகச் சுருங்குகிறது. ஆயினும், பார்வைக்குப் பிழையேதும் இல்லை.

கண்ணுக்குப் புலப்படாத இப்பிழையே கட்டத்தைவிடக் கொடியது. தமிழ் எண்களில் இதற்கு வாய்ப்பு மிகுதி. ஒன்றைக் குறிக்கும் ‘௧’ வடிவில் ‘க’ போன்றது; ஏழாகிய ‘௭’ எகரத்தையும், எட்டாகிய ‘௮’ அகரத்தையும் ஒத்தவை. ஓலையில் எழுதியவர்க்கு இவ்வொப்புமையால் இடரில்லை. படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் கொண்டார். கணினியிலோ அகரத்தின் எண் 2949. எட்டின் எண் 3054. விசைப்பலகையில் தமிழ் எண்களைத் தேடி எடுப்பது எளிதன்று. ஆதலால், தட்டச்சு செய்வோர் எட்டுக்குப் பதிலாக அகரத்தையே இட்டுவிடுவதுண்டு. திரையிலும் அச்சிலும் வேறுபாடு தெரியாது. ‘௮ வேலி’ எனத் தேடினால் அவ்வரி அகப்படாது. தமிழ் எண்களை அறிந்த நிரல் ஒன்று அக்கணக்கைக் கூட்டினால், அகரத்தை எழுத்தென்று ஒதுக்கிவிடும். மொத்தத்தில் எட்டு வேலி நிலம் குறைந்திருக்கும்.