பெயர்ப்பலகை போதுமா?

"நிபுணர்" என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள என்ன வேண்டும்? ஒரு பலகை, கொஞ்சம் வண்ணம், ஓர் ஆணி! சிரிக்காதீர்கள், தோழர்களே. அமெரிக்க நாட்டிலே மாநில அரசு டாக்டருக்குத் தருகிற உரிமம் பொதுவான உரிமம். இருதயத்துக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று என்று அதிலே பிரிவு கிடையாது. நேற்றுவரை காய்ச்சலுக்கு மருந்து எழுதியவர் இன்று கத்தியைக் கையிலே எடுத்தால், அந்த உரிமம் மட்டும் அவரைத் தடுத்துவிடாது.

கொதிகலனுக்குப் பற்றவைக்கும் தொழிலாளியைப் பரீட்சித்துப் பார்த்துத்தானே வேலைக்கு விடுகிறார்கள்? இரும்புக்கு உள்ள காவல் மனித உடலுக்கு வேண்டாமா? இந்தக் கேள்விக்குப் பதிலாக டாக்டர்களே அமைத்தவைதாம் அங்குள்ள நிபுணர் வாரியங்கள். முதலாவது, 1916ல் தோன்றிய கண் மருத்துவ வாரியம். 1933ல் வாரியங்களுக்கெல்லாம் பொதுவான கூட்டமைப்பு ஏற்பட்டது. இன்று அதிலே 24 வாரியங்கள் இருக்கின்றன. கல்லூரிப் படிப்பு முடிந்து, மருத்துவமனையிலே மூன்று முதல் ஏழு ஆண்டுகள்வரை பயிற்சி பெற்று, அதன் பிறகு வாரியத்தின் பரீட்சையிலே தேறவேண்டும். அவர்தாம் சான்று பெற்ற நிபுணர்.

சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பல மருத்துவமனைகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் "சான்று எங்கே?" என்று கேட்கின்றன. முன்வாசலில் விருப்பம், பின்வாசலில் கட்டாயம்!

சரி, ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் போதுமா? நெடுங்காலம் போதும் என்றுதான் இருந்தார்கள். 1969ல் பிறந்த குடும்ப மருத்துவ வாரியம், மறுபரீட்சை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டது. பொது மருத்துவ வாரியமோ 1990 முதல்தான் பத்தாண்டுக் கெடு வைத்தது. அதற்கு முன்பு தேறியவர்களின் சான்றோ ஆயுட்காலச் சான்றாகவே நின்றது. மூத்தவருக்குச் சலுகை, இளையவருக்குச் சாட்டை! இது நியாயந்தானா என்று இளைய டாக்டர்கள் கேட்டதிலே தவறில்லை என்றே நாம் கருதுகிறோம். 2014ல் அந்த வாரியம் விதிகளை மேலும் இறுக்கியது. கட்டணச் சுமை ஒருபுறம், பயனற்ற வேலை மறுபுறம் என்று டாக்டர்கள் கொதித்தெழுந்தனர். 2015 பிப்ரவரியில் வாரியமே, தவறிவிட்டோம் என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சில விதிகளை நிறுத்திவைத்தது.

கட்டணத்தை எதிர்க்கட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பரீட்சையே வேண்டாம் என்று சொன்னால், மேசைமீது மயங்கிக் கிடப்பவன் சார்பிலே பேசுவது யார்? சான்று கைநடுக்கத்தைப் போக்காது, கருணையையும் தராது. பயிற்சி முடித்தார், பரீட்சை தேறினார் என்பது மட்டுமே அதன் பொருள். மயங்கிக் கிடப்பவனுக்கு அது சிறிய செய்தியா?

வாரியம் என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், எந்த வாரியம் என்று கேட்டாக வேண்டும். கூட்டமைப்பைச் சேர்ந்த வாரியங்களிலே சான்று பெற்றவரா என்பதைக் காசு செலவில்லாமல் எவரும் பார்த்துக்கொள்ள அங்கே வழி உண்டு.