டோக்கன் யார் கையில்?

என் சொந்த ஊர் காட்டூர். எங்கள் பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்கள் பலவற்றில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். எனவே உரிமை உள்ளவர்களுக்குள் வரிசை வைத்திருக்கிறார்கள். முறை வந்தவர் வலை கட்டுவார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். கல்லூரியில் ‘டோக்கன் பாஸிங்’ பாடம் எனக்குச் சட்டெனப் புரிந்தது இதனால்தான்.

உங்கள் வீட்டு வை-பையில் கம்ப்யூட்டரும் செல்போனும் ஒரே அலைவரிசையைப் பகிர்கின்றன. வேறு யாரும் பேசவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொன்றும் பேசும். இருந்தும் சில சமயம் இரண்டு செய்திகள் மோதிவிடும். மறுபடி அனுப்ப வேண்டும். ஒரு வெப் பக்கம் அரை விநாடி தாமதமாக வந்தால் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் தொழிற்சாலையில் ‘பம்ப்பை நிறுத்து’ என்ற கட்டளை குறித்த நேரத்திற்குள் போயாக வேண்டும்.

அங்கே மோட்டார்களையும் வால்வுகளையும் இயக்குபவை பி.எல்.சி. எனப்படும் கண்ட்ரோலர்கள். இவற்றை இணைக்கும் நெட்வொர்க்குகளில் ஒன்று புரோஃபிபஸ். 1987ல் ஜெர்மனியில் துவங்கிய திட்டத்தில் உருவானது. இதில் ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் ஓர் எண் உண்டு. டோக்கன் என்பது 3 பைட் அளவுள்ள சிறு செய்திதான். அது யாரிடம் உள்ளதோ அவர் மட்டுமே பேசலாம். தன் சென்சார்களிடம் விவரம் கேட்டு முடித்ததும், அடுத்த பெரிய எண்ணுக்கு டோக்கனைத் தள்ளிவிட வேண்டும். கடைசி எண்ணிலிருந்து அது மீண்டும் முதல் எண்ணுக்கு வரும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம்.

டோக்கனை வாங்க வேண்டியவர் பதில் தராவிட்டால்? கொடுத்தவர் மறுபடி முயன்று பார்த்துவிட்டு, அவரைத் தாண்டி அடுத்தவரிடம் கொடுப்பார். டோக்கனே தொலைந்து கேபிளில் மௌனம் நீடித்தால், மிகச் சிறிய எண் உள்ளவர் முதலில் விழித்துப் புதிய டோக்கனை உருவாக்குவார்.

அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்காக ஐ.பி.எம். 1985ல் தந்த டோக்கன் ரிங்கும் இதே கருத்துதான். விலை குறைந்த ஈதர்நெட் அதனை ஓரங்கட்டிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையில் இரண்டு கண்ட்ரோலர்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டேன். டோக்கன் வந்ததும் இரண்டுமே பேசின. நெட்வொர்க் விட்டு விட்டு அறுந்தது. கேபிள் பழுது என்று நினைத்து அரை நாள் தேடினேன். வீட்டிலும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒரே ஐ.பி. எண் அமைந்தால் இதுபோன்ற தொல்லை வரும். எனவே ஐ.பி. எண் தரும் வேலையை ரூட்டரிடமே விட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதனைச் சொன்னேன். “ஒரே பாடு ரெண்டு பேருக்குன்னா சண்டை வராம என்னடா வரும்?” என்றார்.