ஒலியை அடக்கும் ஒளி

கம்ப்ரஸர் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? சைக்கிள் கடையில் 'டப டப' என்று ஓடும் காற்றடிக்கும் இயந்திரமா? குளிர்பதனப் பெட்டியின் பின்னால் உறுமும் கறுப்புக் குடுவையா? இவை இரண்டும் வாயுவை அமுக்குபவை. ஒலிப்பதிவுக் கூடத்திலும் கம்ப்ரஸர் என்று ஒரு கருவி உண்டு. அது ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்குகிறது. எப்படி என்று பார்ப்போமா?

ஏன் அமுக்க வேண்டும்?

பாடகி ஒருவர் மைக்கின் முன் நின்று பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியை முணுமுணுப்பது போல் பாடுகிறார். அடுத்த வரியில் குரலை உச்சத்துக்கு ஏற்றுகிறார். இரண்டுக்கும் இடையே 40 டெசிபல் வேறுபாடு இருக்கலாம். 20 டெசிபல் கூடினால் மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் 10 மடங்காகும். 40 டெசிபல் கூடினால் 100 மடங்காகும்!

மெல்லிய வரிக்குத் தக்கபடி பதிவுக் கருவியைச் சரிசெய்தால், உச்ச வரி காந்த நாடா தாங்கும் அளவைக் கடந்து சிதைந்துவிடும். உச்ச வரிக்குத் தக்கபடி சரிசெய்தால், மெல்லிய வரி நாடாவின் 'உஸ்' என்ற இரைச்சலில் மூழ்கிவிடும். என்ன செய்வது? பொறியாளர் ஒலியளவுத் திருகில் கை வைத்தபடி காத்திருப்பார். குரல் ஏறினால் திருகை இறக்குவார். குரல் தணிந்தால் ஏற்றுவார். ஆனால் காது கேட்டு, மூளை உணர்ந்து, கை அசைவதற்குள் உச்ச ஒலி பதிவாகிவிடுமே! பொறியாளரின் கை செய்யும் இந்த வேலையைத் தானே விரைவாகச் செய்யும் கருவிதான் கம்ப்ரஸர்.

விளக்கும் தடையும்

இவ்வகையில் புகழ்பெற்ற பழைய கருவி ஒன்று உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பாசடீனா நகரில் ஜேம்ஸ் லாரன்ஸ் என்ற பொறியாளர் டெலட்ரானிக்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை நடத்தினார். அங்கே 1960-களில் அவர் உருவாக்கிய 'எல்.ஏ.-2ஏ' என்பதே அது. அதில் ஒலியை அடக்கும் வேலையை ஒளி செய்கிறது.

அதன் உள்ளே ஒளி புகாத சிறிய கூடு ஒன்று இருக்கிறது. அதில் மின்னொளிர் தகடு ஒன்றும், அதன் எதிரே காட்மியம் சல்பைடால் ஆன ஒளித்தடையும் உள்ளன. சில பாஸ்பர் பொடிகளின் குறுக்கே மாறுமின்னழுத்தம் செலுத்தினால் அவை ஒளிரும். டெஸ்ட்ரியோ என்ற பிரெஞ்சு அறிஞர் இதை 1936-இல் கண்டறிந்தார். சாதாரண பல்பின் இழை சூடேறிய பிறகே ஒளி தரும். இந்தத் தகடு உடனே ஒளிரும். காட்மியம் சல்பைடின் பண்பு வேறு. இருட்டில் அதன் மின்தடை மிக அதிகம். ஒளி பட்டால் எலெக்ட்ரான்கள் விடுபட்டு, தடை வெகுவாகக் குறைந்துவிடும்.

பாடகியின் குரல் மின்னலைகளாகக் கருவிக்குள் நுழைகிறது. அதில் ஒரு பகுதி தனிக்கிளையாகப் பிரிந்து, வெற்றிடக் குழாய்களால் பெருக்கப்பட்டு, தகட்டை ஒளிரச் செய்கிறது. குரல் ஓங்கினால் தகடு அதிகம் ஒளிரும். ஒளித்தடையின் தடை குறையும். உடனே குரலின் மின்னலையில் ஒரு பங்கு அதன் வழியே தரைக்கு ஒழுகிவிடும். எஞ்சியதே வெளியே செல்லும். குரல் தணிந்தால் தகடு மங்கும், ஒழுக்கும் நிற்கும். கூட்டினுள் இரண்டாவது ஒளித்தடையும் உண்டு. எத்தனை டெசிபல் குறைந்தது என்று காட்டும் முள்ளை அசைப்பது அதன் வேலை.

சோம்பலே சிறப்பு

ஓங்கிய ஒலி வந்தால் இக்கருவி சுமார் 10 மில்லி விநாடியில், அதாவது 1/100 விநாடியில், அதை அடக்கத் தொடங்கும். ஆனால் ஒலி தணிந்ததும் அடக்கத்தை உடனே விட்டுவிடாது. சுமார் 60 மில்லி விநாடியில் பாதியை விடும். மீதியை விட அரை விநாடி முதல் 5 விநாடி வரை ஆகும். காரணம் என்ன? காட்மியம் சல்பைடு படிகத்தில் எலெக்ட்ரான்கள் சிக்கிக்கொள்ளும் 'பொறிகள்' உள்ளன. ஒளி நின்ற பிறகும் அவை எலெக்ட்ரான்களைச் சிறிது சிறிதாகவே விடுவிக்கின்றன. அதிக ஒலி நெடுநேரம் நீடித்திருந்தால் மீளவும் அதிக நேரம் ஆகும்.

வேறு வேலைகளுக்கு இந்தச் சோம்பல் ஒரு குறைதான். பாட்டுக்கோ அது பொருந்திவிட்டது. திடீரென்று விட்டால் குரல் ஊசலாடுவது காதுக்குத் தெரியும். மெல்ல விட்டால் தெரியாது. முரசின் அடி போன்ற மிக விரைவான ஒலிகளுக்கு மட்டும் இக்கருவி பிந்திவிடும். பில் புட்னம் என்பவர், 20 மைக்ரோ விநாடியிலேயே செயல்படக்கூடிய டிரான்சிஸ்டர் கருவி ஒன்றை 1960-களின் பிற்பகுதியில் செய்தார்.

இயக்குவது எப்படி?

எல்.ஏ.-2ஏ-யில் முக்கியமான திருகுகள் இரண்டே. ஒன்று எவ்வளவு அடக்குவது என்பதற்கு. மற்றொன்று அடங்கிய ஒலியை மீண்டும் பெருக்குவதற்கு. பாடகி உச்சத்தில் பாடும்போது முள் 3 முதல் 5 டெசிபல் வரை இறங்கும்படி முதல் திருகை வைப்பார்கள். பிறகு இரண்டாவதைத் திருகி, கருவி இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒலி ஒரே அளவில் இருக்கும்படி செய்து ஒப்பிடுவார்கள். இது மிக அவசியம். ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பது எதுவும் நம் காதுக்கு நன்றாக இருப்பதுபோலவே தோன்றும்!

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அளவுக்கு மீறி அடக்கிப் பதிவுசெய்துவிட்டால், முணுமுணுப்பும் முழக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். பாட்டின் உணர்ச்சி அந்த ஏற்ற இறக்கத்தில்தானே இருக்கிறது? ஒருமுறை இழந்ததைப் பிறகு முழுமையாக மீட்க முடியாது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் பதிவின்போது குறைவாகவே அடக்குவார்கள்.

கருவிக்கும் முதுமை உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல மின்னொளிர் தகடு மங்கும். எனவே ஒரே மாதிரியான இரண்டு பழைய கருவிகள் ஒன்றுபோல் நடப்பதில்லை. முள்ளைப் பார்த்தால் மட்டும் போதாது; காதால் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

செய்து பாருங்கள்

மின்னணுப் பொருள் கடையில் 'எல்.டி.ஆர்.' என்று கேட்டு ஓர் ஒளித்தடை வாங்குங்கள். அதன் இரு கம்பிகளையும் மல்டிமீட்டருடன் இணைத்து, ஓம் அளவில் வையுங்கள். டார்ச் ஒளியை அரை நிமிடம் காட்டி, உடனே கறுப்பு மூடியால் நன்றாக மூடுங்கள். 1, 2, 5, 10, 30 விநாடிகளில் தடையைக் குறித்து வரைபடம் போடுங்கள். இருட்டிலும் தடை உடனே முழு அளவுக்கு ஏறுகிறதா? டார்ச்சை 2 விநாடி மட்டும் காட்டினால் வரைபடம் மாறுகிறதா?

இரண்டு எச்சரிக்கைகள்: காட்மியம் நச்சுப்பொருள், ஒளித்தடையை உடைக்காதீர்கள். வெற்றிடக் குழாய்க் கருவிகளில், மின் இணைப்பை எடுத்த பின்னும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம், அவற்றைத் திறக்காதீர்கள்.

உங்கள் வரைபடத்தில் ஏறும் கோட்டைக் கவனியுங்கள். கருவி பாடகியின் குரலை மெல்ல மெல்ல விடுவிப்பதும் அந்தப் பண்பினால்தான்.